எந்த நாட்டில் செய்த எலெக்ட்ரிக் கிதார் நல்லது?

எலெக்ட்ரிக் கிதார் வாங்கப் போகும் புதியவர் கடையில் ஃபெண்டர் கம்பெனியின் புகழ்பெற்ற மாடலான ஸ்ட்ராட்டோகாஸ்டர் என்று கேட்டால், பார்வைக்கு ஒன்றேபோல் இருக்கும் நாலைந்து கிதார்களைக் கடைக்காரர் எடுத்து வைப்பார். அதே இரட்டைக் கொம்பு, ஒலி எடுக்கும் அதே மூன்று பிக்கப், அதே ஒரு வால்யூம், இரண்டு டோன் திருகு. விலை மட்டும் ஒன்றுக்கு ஆறு மடங்காகத் தாவும். ஏன் என்று கேட்டால் ஒரே பதில்தான்: “இது இந்தோனேசியா, இது மெக்சிகோ, இது அமெரிக்கா.”

அந்தப் பதில் பாதி உண்மை. இந்தோனேசியாவில் வேலை தெரியாதவர்களும் கலிபோர்னியாவில் மேதைகளும் உட்கார்ந்து கிதார் செய்கிறார்கள் என்று அதற்கு அர்த்தமில்லை. என்ன விலைக்கு விற்பது என்று கம்பெனி முதலில் முடிவு செய்கிறது. அந்த விலைக்குள் ஒரு கிதாருக்கு எவ்வளவு நேரக் கைவேலையும் என்ன தரத்தில் உதிரிபாகங்களும் கொடுக்க முடியும் என்று பிறகு கணக்குப் போடுகிறது. அதற்கு அப்புறம்தான் எந்த ஊரில் செய்வது என்ற கேள்வியே வருகிறது. கிதாரின் தலைப்பகுதியான ஹெட்ஸ்டாக்கில் சின்ன எழுத்தில் இருக்கும் நாட்டின் பெயரை இந்தக் கணக்கின் கடைசி வரியாகப் படித்தால் பல குழப்பங்கள் தீரும்.

மெஷின் எங்கே நிற்கிறது, கை எங்கே தொடங்குகிறது

மரம் வெட்டுவதில் இன்று நாட்டுக்கு நாடு பெரிய வித்தியாசம் கிடையாது. பாடியின் உருவம், பிக்கப் உட்காரும் குழி, கிதாரின் கழுத்தான நெக் பொருந்தும் பள்ளம் எல்லாவற்றையும் சிஎன்சி இயந்திரம் வெட்டுகிறது. கணினியில் கொடுத்த அளவுக்கு அது வெட்டும். இந்தோனேசியாவின் சுரபாயாவில் இருந்தாலும் கலிபோர்னியாவின் கரோனா நகரில் இருந்தாலும் அதற்கு ஒன்றுதான். 1970களின் கிதார்களில் நெக்குக்கும் பாடிக்கும் நடுவே விரல் நகம் நுழையும் இடைவெளியைப் பார்க்கலாம். இன்றைக்கு மலிவான கிதாரில்கூட அது அபூர்வம். ஆரம்ப விலைக் கிதார்கள் கடந்த முப்பது ஆண்டுகளில் இவ்வளவு முன்னேறியதற்கு முதல் காரணம் இந்த இயந்திரம்தான்.

கைவேலை ஃப்ரெட்டில் தொடங்குகிறது. நெக்கின் மேல் விரல் வைக்கும் பலகையான ஃப்ரெட்போர்டில் குறுக்கே வெட்டிய கோடுகளில் உலோகக் கம்பியை அடித்தோ அழுத்தியோ இறக்குகிறார்கள். அந்தக் கம்பிதான் ஃப்ரெட். வீணைக்கு மேளம் கட்டுவதைப் பார்த்தவர்களுக்கு வித்தியாசம் உடனே புரியும். அங்கே 24 மெட்டுகளை மெழுகில் பதித்து, சுரம் பார்த்து ஒவ்வொன்றாக நகர்த்தி நிறுத்துவார்கள். பின்னாளில் பிசகினால் மெழுகை இளக்கி மறுபடியும் கட்டிக்கொள்ளலாம். கிதாரில் ஃப்ரெட் மரத்துக்குள் இறங்கிவிட்டால் அதற்கு அப்புறம் இடம் மாற்ற வழியில்லை. உயரத்தை மட்டும்தான் திருத்த முடியும்.

அந்த உயரத்தில்தான் எல்லாம் இருக்கிறது. 22 ஃப்ரெட்டும் ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும். ஒன்று மட்டும் தலைமுடி அளவு தூக்கி நின்றாலும், அதற்கு முந்தைய ஃப்ரெட்டை அழுத்தும்போது ஸ்ட்ரிங் அதில் உரசிக் கரகரக்கும். அதனால் நீளமான சமதள அரத்தால் எல்லாவற்றையும் சேர்த்துத் தேய்த்து மட்டப்படுத்துவார்கள். தேய்த்ததும் ஃப்ரெட்டின் தலை தட்டையாகிவிடும். ஒவ்வொன்றையும் மறுபடி வளைவாக்க வேண்டும். அப்புறம் பாலிஷ். இது சரியாக நடக்காத கிதாரில் ஸ்ட்ரிங்கை இழுத்து பெண்ட் செய்தால் மணலில் இழுப்பது மாதிரி ஒரு உரசல் விரலில் தெரியும். கடைசியாக, ஃப்ரெட்டின் இரு முனைகள். 22 ஃப்ரெட்டுக்கு 44 முனை. எல்லா முனையையும் சாய்வாக அரம் போட்டு விடலாம், அது சில நிமிட வேலை. முனை முனையாக உருட்டி, ஃப்ரெட்போர்டின் விளிம்பையும் சேர்த்து மழுக்கி, பல வருடம் வாசித்த கிதார்போல் கையில் வழுக்கச் செய்யலாம். அதற்கு நேரம் போகும். விலை உயர்ந்த கிதாரின் நெக்கைப் பிடித்ததும் “ஏதோ நல்லா இருக்கு” என்று தோன்றுவதில் பெரும்பங்கு இந்த 44 முனைகளுக்குச் சேரும்.

இதற்கும் இயந்திரம் வந்துவிட்டது. பெர்லினில் உருவான ப்ளெக் என்ற கருவி நெக்கை அளந்து, எந்த ஃப்ரெட்டில் எவ்வளவு எடுக்க வேண்டும் என்று கணக்கிட்டுத் தானே தேய்க்கும். அமெரிக்காவின் நாஷ்வில்லில் கிப்சன் கம்பெனி இதைப் பயன்படுத்துகிறது. ஆனால் அந்த இயந்திரமும் ஒவ்வொரு கிதாருக்கும் நேரம் எடுத்துக்கொள்கிறது. ஆரம்ப விலைக் கிதாருக்கு அந்த நேரத்தைக் கொடுப்பது கட்டுப்படியாகாது.

இன்னொரு இடம் நட். ஹெட்ஸ்டாக்குக்குக் கீழே, ஸ்ட்ரிங்குகள் உட்காரும் ஆறு பள்ளங்கள் உள்ள சின்னத் துண்டு அது. பள்ளம் ஆழமானால், விரல் வைக்காமல் மீட்டும் ஓப்பன் ஸ்ட்ரிங் கரகரக்கும். அந்த நட்டையே தூக்கிப் போட வேண்டும். ஆழம் குறைந்தால் கிதார் கெட்டுவிடாது, கொஞ்சம் கடினமாக இருக்கும், அவ்வளவுதான். அதனால் அவசரமாக வேலை நடக்கும் இடத்தில் ஆழத்தைக் குறைத்தே விட்டுவிடுவார்கள். அதன் பலனை அனுபவிப்பவர் ஆரம்ப மாணவர். முதல் ஃப்ரெட்டில் எஃப் கார்டு என்ற சுரக்கூட்டைப் பிடிக்க முடியாமல் தன் விரலையே நொந்துகொள்வார். அழுத்த வேண்டிய தூரம் அதிகமாக இருப்பதால் சுரமும் சற்றே ஏறிப்போகும். டியூனர் சரி என்று சொன்ன பிறகும் கார்டு இனிக்காது. நல்ல கிதார் மெக்கானிக் அரை மணியில் தீர்க்கக்கூடிய விஷயம் இது.

கூலிக் கணக்கு

2024ஆம் ஆண்டில் கலிபோர்னியாவில் சட்டப்படியான குறைந்தபட்சக் கூலி ஒரு மணி நேரத்துக்கு 16 டாலர். மெக்சிகோவின் வட எல்லைப் பகுதியில் ஒரு முழு நாளுக்கே அது 20 டாலரைச் சற்றுத்தான் தாண்டியது. இந்தோனேசியாவின் சுரபாயாவில் ஒரு மாதத்துக்குச் சுமார் 300 டாலர். கிதார் தொழிற்சாலையில் அனுபவசாலிகள் இதைவிட அதிகம் வாங்கலாம், அது வேறு. ஆனால் மூன்று ஊருக்கும் இடையிலான ஏணி இதுதான். மூன்று மணி நேரக் கூடுதல் கைவேலை ஒரு ஊரில் விலையைத் தூக்கிவிடும், இன்னொரு ஊரில் கண்ணுக்கே தெரியாது.

இங்கே ஒரு கேள்வி எழ வேண்டும். சுரபாயாவில் கூலி குறைவென்றால், அங்கே இன்னும் அதிக நேரம் செலவிட்டு அருமையான கிதார் செய்யலாமே? செய்யலாம், செய்கிறார்கள். கோர்டெக் என்ற கொரிய நிறுவனம் சுரபாயாவில் பல பிராண்டுகளுக்குக் கிதார் செய்துகொடுக்கிறது. ஃபெண்டரின் மலிவு பிராண்டான ஸ்கொயர் கிதார்களில் வரிசை எண் ஐசிஎஸ் என்று தொடங்கினால் அது அங்கிருந்து வந்தது. பிஆர்எஸ் என்ற அமெரிக்கக் கம்பெனியின் எஸ்இ வரிசையில் சிடிஐ என்று தொடங்கினால் அதுவும் அதே கோர்டெக்தான். ஆனால் ஸ்கொயரின் கடைநிலை மாடலையும் ஒரு பிஆர்எஸ் எஸ்இயையும் அடுத்தடுத்துக் கையில் எடுத்துப் பாருங்கள். ஒரே நாடு, ஒரே ஊர், செய்துகொடுப்பது ஒரே கம்பெனி. ஃப்ரெட் முனையும் நெக்கின் வழவழப்பும் வேறு. ஆர்டர் கொடுத்தவர் எவ்வளவு வேலைக்குக் காசு கொடுத்தார் என்பதுதான் அந்த வித்தியாசம். “இந்தோனேசியா கிதார் எப்படி?” என்ற கேள்விக்குப் பதில் சொல்ல முடியாதது இதனால்தான். எந்த இந்தோனேசியா கிதார் என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கும்.

இந்தத் தரவரிசை எப்படி வந்தது

அமெரிக்கா உயர்வு, ஆசியா மலிவு என்ற எண்ணம் எப்போதும் உண்மையாக இருந்ததில்லை. லியோ ஃபெண்டர் கலிபோர்னியாவின் ஃபுல்லர்டனில் 1946இல் தொடங்கிய கம்பெனியை, 1965 ஜனவரியில் சிபிஎஸ் என்ற ஒளிபரப்பு நிறுவனம் 1 கோடியே 30 லட்சம் டாலருக்கு வாங்கியது. உற்பத்தி பெருகியது, கவனம் குறைந்தது. 1971 இறுதியிலிருந்து ஸ்ட்ராட்டோகாஸ்டரில் (சுருக்கமாக ஸ்ட்ராட்) நெக்கைப் பிடித்திருந்த நான்கு திருகு மூன்றானது. பள்ளம் தளர்வாக வெட்டப்பட்டிருந்தால் நெக் பக்கவாட்டில் அசையும். பாடி கனத்தது, பெயின்ட் தடித்தது. 1970களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் செய்த ஸ்ட்ராட் என்பது பெரிய உத்தரவாதம் கிடையாது.

அதே காலத்தில் ஜப்பானில் நடந்தது வேறு. நாகானோ மாகாணத்தின் மட்சுமோட்டோவில் 1960இல் தொடங்கிய ஃபூஜிஜென் கக்கி என்ற கம்பெனி ஐபனேஸ், கிரெகோ பெயர்களில் அமெரிக்க மாடல்களை நகலெடுத்துச் செய்தது. ஹமாமட்சுவில் டொகாய் கம்பெனியும் அதையே செய்தது. ஆரம்பகால நகல்கள் சுமார்தான். ப்ளைவுட் பாடிகூட உண்டு. எழுபதுகளின் பிற்பாதிக்குள் அசலைவிட நகல் கச்சிதமாகிவிட்டது. கிப்சனின் தாய் நிறுவனமான நார்லின், ஐபனேஸின் அமெரிக்க விநியோகஸ்தர்மீது ஹெட்ஸ்டாக் உருவத்துக்காக 1977இல் வழக்குப் போட்டது. அடுத்த ஆண்டு சமரசமானது. அந்த ஒரு வழக்கை வைத்துக்கொண்டு இன்றைக்கும் பழைய ஜப்பான் கிதார் எல்லாவற்றையும் “லாசூட் கிதார்” (வழக்குக் கிதார்) என்று பெயர்சூட்டி விலை ஏற்றுகிறார்கள். அந்தப் பெயரை நம்பிக் காசு கொடுக்காதீர்கள், கிதாரைப் பாருங்கள்.

ஃபெண்டர் கடைசியில் எதிராளியோடே கைகோத்தது. 1981இல் யமஹாவின் அமெரிக்கப் பிரிவிலிருந்து பில் ஷூல்ட்ஸ் உள்ளிட்டோர் நிர்வாகத்துக்கு வந்தார்கள். 1982இல் ஃபெண்டர் ஜப்பான் தொடங்கியது, செய்துகொடுத்தது அதே ஃபூஜிஜென். ஸ்கொயர் பெயரில் கிதார் முதலில் வந்ததும் அங்கிருந்துதான். ஜேவி என்று தொடங்கும் வரிசை எண்ணுள்ள அந்தக் கால ஸ்கொயர்களை இன்று சேகரிப்பாளர்கள் தேடிப்பிடித்து வாங்குகிறார்கள். 1985இல் ஷூல்ட்ஸ் குழு சிபிஎஸ்ஸிடமிருந்து கம்பெனியை வாங்கியபோது ஃபுல்லர்டன் தொழிற்சாலை அந்த வியாபாரத்தில் வரவில்லை. கரோனாவில் புதிதாகத் தொடங்க வேண்டியிருந்தது. அது ஓடத் தொடங்கும்வரை ஃபெண்டரைத் தாங்கிப் பிடித்தவை ஜப்பானில் செய்த கிதார்கள்தான்.

அந்த ஆண்டே செப்டம்பரில், டாலரின் மதிப்பைக் குறைக்க நாடுகள் செய்துகொண்ட பிளாசா ஒப்பந்தம் வந்தது. ஒரு டாலருக்கு 240 யென் அளவில் இருந்த மாற்று விலை, ஒன்றரை ஆண்டுக்குள் 150 அளவுக்கு வந்துவிட்டது. ஜப்பானியத் தொழிலாளியின் கை அப்படியேதான் இருந்தது. டாலரில் அவருடைய கூலி எகிறிவிட்டது. மலிவு ஆர்டர்கள் கொரியாவுக்குப் போயின. ஃபெண்டர் 1987இல் மெக்சிகோவின் என்செனாடாவில் ஆலை தொடங்கியது. இடையில் கொஞ்ச காலம் ஸ்கொயர் II கிதார்கள் சில இந்தியாவிலும் செய்யப்பட்டன. பிறகு கொரியாவிலும் சம்பளம் ஏறியது. கோர்டெக் 2007இல் கொரிய ஆலைகளை மூடி உற்பத்தியை வெளியே கொண்டுபோனபோது வேலையிழந்தவர்கள் நடத்திய போராட்டம் 2019இல்தான் ஒப்பந்தத்தில் முடிந்தது. பிஆர்எஸ் எஸ்இ 2001இல் கொரியாவில் தொடங்கி, 2019 வாக்கில் பெரும்பாலும் இந்தோனேசியாவுக்கு மாறிவிட்டது.

இதை வரிசையாகப் பார்த்தால் ஒன்று தெரியும். மலிவு ஆர்டர்கள் அடுத்த நாட்டுக்குப் போனபின், கற்றுக்கொண்ட கை பழைய நாட்டிலேயே தங்கி உயர்ந்த விலைக் கிதார்களுக்கு மாறிவிடுகிறது. ஐபனேஸின் பிரெஸ்டீஜ் வரிசை ஜப்பானில் செய்வதும் அதற்குக் கீழே உள்ள பிரீமியம் இந்தோனேசியாவில் செய்வதும் அந்த வரலாற்றின் மிச்சம். ஜப்பான் கிதாருக்கு இன்று இருக்கும் நல்ல பெயரில் பாதி, அங்கே இப்போது மலிவுக் கிதார் அநேகமாகச் செய்வதே இல்லை என்பதால் வருவது. கொரியாவுக்கும் இப்போது அதே பெயர் வந்துகொண்டிருக்கிறது.

ஃபெண்டரின் படிகள்

கரோனாவுக்கும் என்செனாடாவுக்கும் இடையே 300 கிலோமீட்டர்கூட இல்லை. சென்னையிலிருந்து திருச்சி போகிற தூரத்தைவிடக் குறைவு. இரண்டும் ஃபெண்டரின் சொந்தத் தொழிற்சாலைகள். ஆனாலும் என்செனாடாவின் பிளேயர் வரிசை, கரோனாவின் அமெரிக்கன் புரொஃபெஷனலுக்குச் சுமார் பாதி விலை. பிரித்துப் பார்த்தால் என்ன வித்தியாசம்? அமெரிக்கனில் நட் எலும்பு, மெக்சிகனில் செயற்கை எலும்பு. வால்யூமைக் குறைத்தால் சத்தம் மங்கிவிடாமல் காக்கும் சின்ன சர்க்யூட் அமெரிக்கனில் உண்டு. விளிம்பு மழுக்கிய ஃப்ரெட்போர்டு வெகுகாலம் அமெரிக்கனின் தனிச்சொத்தாக இருந்தது. 2024இல் வந்த பிளேயர் II மாடலில் அதுவும் மெக்சிகோவுக்கு வந்துவிட்டது. மேடையில் வாசிக்கிற ஒருவருக்கு இந்த இரண்டுக்கும் இடையில் ஒலியில் இருக்கும் தூரம், ஆம்ப்ளிஃபயரை (ஆம்ப்) மாற்றினால் வரும் தூரத்தைவிடக் குறைவு என்பது என் கருத்து. கையில் இருக்கும் தூரம் நிஜம். அதற்கு இரட்டிப்பு விலை கொடுக்கலாமா என்பது அவரவர் பர்ஸைப் பொறுத்தது.

ஸ்கொயருக்கு இறங்கினால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். அஃபினிட்டி மாடலின் பாடி சற்று மெலிந்தது. பிக்கப்பில் அல்நிகோ காந்தத்துக்குப் பதில் செராமிக். ஸ்ட்ரிங்குகளைத் தாங்கி, நெம்புகோலால் சுருதியை ஆட்டும் ட்ரெமலோ பிரிட்ஜுக்கு அடியில் எஃகுக் கட்டைக்குப் பதில் இலேசான துத்தநாக வார்ப்பு. வால்யூம் திருகுக்கு உள்ளே இருக்கும் பாட் சின்னது, திருப்பினால் லேசாக ஆடும். டியூனிங் கீயில் கொஞ்சம் தளர்வு. தனித்தனியாகப் பார்த்தால் எதுவும் குற்றமில்லை. இருபது இடத்தில் பத்துப் பத்து ரூபாய் மிச்சம் பிடித்ததன் கூட்டுத்தொகைதான் விலை வித்தியாசம். பிக்கப்பையும் பாட்டையும் பின்னால் மாற்றிக்கொள்ளலாம். ஒரு படி மேலே இருக்கும் கிளாசிக் வைப் வரிசையும் இந்தோனேசியாதான், ஆனால் பாகங்களும் கைவேலையும் நன்றாகவே தேறும். அதில் சில மாடல்களில் பாடி பைன் மரம் என்று கேட்டு முகம் சுளிப்பவர்கள் உண்டு. 1949இல் லியோ ஃபெண்டர் செய்து பார்த்த முதல் மாதிரிக் கிதாரின் பாடியும் பைன்தான்.

மரத்தில் நாடு உண்மையாகவே விளையாடிய ஒரு சம்பவம் உண்டு. கிதார் ஃப்ரெட்போர்டுக்கு உலகமெங்கும் விரும்பிப் போடுவது நம் மேற்குத்தொடர்ச்சி மலையில் வளரும் ஈட்டி மரம். ரோஸ்வுட் என்றால் பெரும்பாலும் அதுதான். 2017 ஜனவரியில் சைட்டிஸ் என்ற சர்வதேச ஒப்பந்தம், ஈட்டியின் பேரினத்தைச் சேர்ந்த எல்லா ரோஸ்வுட்களையும் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது. எல்லை தாண்டும் ஒவ்வொரு சரக்குக்கும் அனுமதிச் சீட்டு. கரோனாவில் செய்து அமெரிக்காவுக்குள்ளேயே விற்கும் கிதாருக்கு இதனால் தொந்தரவில்லை. என்செனாடாவில் செய்தது கடைக்குப் போகவே எல்லை தாண்டியாக வேண்டும். அதனால் அமெரிக்கக் கிதாரில் ஈட்டி தொடர்ந்தது, மெக்சிகோ கிதாருக்குத் தென்னமெரிக்க பாவ் ஃபெரோ வந்தது. ஸ்கொயருக்கு இந்தியன் லாரல் வந்தது, அதாவது நம்மூர்க் கருமருது. “மெக்சிகோவில் மட்டமான மரம் போடுகிறார்கள்” என்று அப்போது புலம்பியவர்கள் உண்டு. காரணம் கஸ்டம்ஸ் காகிதம். 2019 நவம்பரில் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்கு கிடைத்தது. பிளேயர் II மாடலில் ஈட்டி திரும்பி வந்துவிட்டது.

விலை உயர்ந்ததில் இருக்கும் பலவீனம்

கிப்சனின் லெஸ் பால் மாடல் விஷயத்தில் கதை சுவாரசியமானது. 1952இல் மிச்சிகனின் கலமசூவில் தொடங்கி, இன்று நாஷ்வில்லில் செய்யப்படும் அசல், அமெரிக்கக் கிதார்களிலேயே விலை கூடியவற்றுள் ஒன்று. அதன் மலிவு வடிவம் எபிஃபோன். 1957இல் கிப்சன் வாங்கிய பிராண்ட். 1970இல் ஜப்பானுக்கும் பிறகு கொரியாவுக்கும் போய், இப்போது பெரும்பாலும் சீனாவில் செய்கிறார்கள்.

கிப்சனின் ஹெட்ஸ்டாக் நெக்கிலிருந்து 17 டிகிரி பின்னால் சாய்ந்திருக்கும். நெக்கும் ஹெட்ஸ்டாக்கும் சேர்த்து ஒரே மகோகனித் துண்டில் வெட்டுகிறார்கள். மரத்தின் நார் நெக்கின் போக்கில் நேராக ஓடுகிறது. சாயும் இடத்தில் அது குறுக்கே வெட்டுப்படுகிறது. நெக்கின் வளைவைச் சரிசெய்யும் உள்கம்பியான ட்ரஸ் ராடைத் திருகுவதற்கான குழியும் சரியாக அதே இடத்தில்தான். அதாவது மரம் மெலிந்த இடம், நார் குட்டையான இடம், குழி தோண்டிய இடம், மூன்றும் ஒன்றே. ஸ்டாண்டிலிருந்து பின்பக்கமாகச் சரிந்தால் அங்கேதான் உடையும். உலகெங்கும் கிதார் ரிப்பேர்க்காரர்களுக்கு இது தினசரி வருமானம். 1960களின் நடுவில் சாய்வை 14 டிகிரியாகக் குறைத்துப் பார்த்த கிப்சன், 1970 வாக்கில் அந்த இடத்தில் வால்யூட் என்ற சின்னப் புடைப்பை விட்டுப் பலப்படுத்தியது. பழைய உருவம்தான் வேண்டும் என்ற ரசிகர்களுக்காக எண்பதுகளின் தொடக்கத்தில் புடைப்பை எடுத்துவிட்டார்கள்.

பல எபிஃபோன்களில் ஹெட்ஸ்டாக் தனித்துண்டு. சாய்வாக வெட்டி நெக்கோடு ஒட்டியிருப்பார்கள். மரத்தை மிச்சம் பிடிக்கச் செய்யும் வேலை. ஆனால் ஒட்டிய துண்டில் நார் ஹெட்ஸ்டாக்கின் போக்கிலேயே ஓடுவதால் உடைவதற்கு எதிராக அது கூடுதல் பலம். ஆக, சிக்கனத்துக்காகச் செய்தது உறுதியாக அமைந்துவிட்டது. ஆரம்ப மாணவருக்கு, வீட்டில் குழந்தைகள் ஓடும் இடத்தில் நிற்கப்போகும் கிதாருக்கு, இது சின்ன விஷயமில்லை.

பெயின்ட்டிலும் இப்படி ஒன்று உண்டு. கிப்சன் பூசும் நைட்ரோ லாக்கர் மெல்லியது, பல பூச்சு வேண்டும், காய நாளாகும்; அதனால் விலை கூடும். வயதாக ஆக அழகாக வெடிக்கும் என்று அதை ரசிப்பவர்கள் உண்டு. ஆனால் ரப்பர் வைத்த சாதாரண ஸ்டாண்டில் விட்டால் ரப்பரோடு வினைபுரிந்து கறை பிடிக்கும், சென்னை மே மாதத்தில் வியர்த்த கையோடு ஒட்டும். மலிவுக் கிதாரின் பாலியூரிதேன் பூச்சு இதற்கெல்லாம் அசையாது. நைட்ரோ அமெரிக்காவுக்கு மட்டுமே உரியது என்றும் நினைக்க வேண்டாம். ஃபெண்டர் 2009இல் கொண்டுவந்த ரோட் வோர்ன் கிதார்கள் மெக்சிகோவில் செய்தவை, நைட்ரோ பூசியவை.

முத்திரை முழுக்கதையையும் சொல்வதில்லை என்பதற்கு இன்னொரு உதாரணம் பிஆர்எஸ் எஸ்2. 2013இல் வந்த இந்த வரிசையை மேரிலாந்தின் ஸ்டீவன்ஸ்வில்லில்தான் செய்கிறார்கள். ஆனால் விலையைக் குறைக்கப் பல ஆண்டுகள் அதில் வெளிநாட்டில் செய்த பிக்கப்களைப் போட்டார்கள். மரவேலை அமெரிக்கா, ஒலி எடுக்கும் பாகம் ஆசியா. நல்ல முடிவுதான், பிக்கப்பைப் பின்னால் மாற்றலாம், நெக்கை மாற்ற முடியாது.

கடையில் நிற்கும்போது

நாட்டின் பெயரைப் படிப்பதற்கு முன் கட்டைவிரலை நெக்கின் ஓரத்தில் வைத்து மேலிருந்து கீழ்வரை இழுங்கள். கீறினால் ஃப்ரெட் முனை சரியில்லை. காற்று வறண்டால் மரம் சுருங்கி முனை வெளியே தள்ளுவதும் உண்டு. ஏசி அறையிலேயே மாதக்கணக்கில் கிடந்த நல்ல கிதாருக்கும் இது வரும், அரம் போட்டால் போய்விடும். கீறுகிறது என்பதற்காகவே ஒதுக்க வேண்டாம். விலையைக் குறைத்துக் கேட்கலாம்.

அப்புறம் கண்ணால். பிரிட்ஜ் பக்கத்திலிருந்து ஒற்றைக்கண்ணால் நெக்கைப் பாருங்கள். லேசாக உள்வளைவு இருந்தால் பரவாயில்லை, ட்ரஸ் ராட் சரிசெய்யும். முறுக்கு இருந்தால் எந்த நாடாக இருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், அது சரியாகாது. இரண்டு ஓர ஸ்ட்ரிங்குகளும் நெக்கின் விளிம்பிலிருந்து சம தூரத்தில் ஓடுகின்றனவா என்று பாருங்கள். ஒன்று விளிம்பை ஒட்டி ஓடினால் வாசிக்கும்போது வெளியே நழுவும்.

ஆம்பில் செருகுவதற்கு முன்பே ஒவ்வொரு ஸ்ட்ரிங்கையும் ஒவ்வொரு ஃப்ரெட்டிலும் அழுத்தி மீட்டுங்கள். ஆறு ஸ்ட்ரிங், 22 ஃப்ரெட். ஐந்து நிமிடம் ஆகும். கடைக்காரர் பொறுமையிழந்தால் இழக்கட்டும். மொத்தமாகக் கரகரத்தால் அது ஸ்ட்ரிங்கின் உயரம், அதாவது ஆக்‌ஷன் தாழ்வு, பிரிட்ஜில் ஏற்றிவிடலாம். ஒரே ஒரு இடத்தில் மட்டும் சத்தம் செத்துப்போனால் அடுத்த ஃப்ரெட் தூக்கி நிற்கிறது. 12ஆம் ஃப்ரெட்டில் ஸ்ட்ரிங்கின் அடிப்பக்கம் ஃப்ரெட்டிலிருந்து ஒன்றரை மில்லிமீட்டர் சுமாருக்கு இருக்கும்போது சுத்தமாக ஒலிக்கிற கிதார், எங்கே செய்ததாக இருந்தாலும் நன்றாகச் செய்த கிதார்.

ஒரே மாடலில் கடையில் மூன்று கிதார் இருந்தால் மூன்றையும் கேளுங்கள். மலிவு விலையில் ஒன்றுக்கொன்று வித்தியாசம் அதிகம். கொடுத்த காசுக்கு உண்மையில் வாங்குவது சராசரித் தரத்தை மட்டுமில்லை, எல்லாமே அந்தச் சராசரியில் இருக்கும் என்ற நம்பிக்கையையும்தான். அமெரிக்க, ஜப்பான் கிதாரைப் பார்க்காமலே ஆன்லைனில் வாங்குவது ஓரளவு பத்திரம். ஆரம்ப விலைக் கிதாரை நேரில் தேர்ந்தெடுத்தால் அதிர்ஷ்டம் நம் பக்கம் வரும்.

முதல் கிதாருக்கு நான் சொல்வது, நடு விலையில் ஒரு இந்தோனேசியக் கிதார்: கிளாசிக் வைப், யமஹா பசிஃபிகா மாதிரி ஒன்று. பட்ஜெட் முழுவதையும் கிதாரிலேயே கொட்டிவிடாமல் நட் பள்ளம், ஃப்ரெட் முனை, இன்டொனேஷன் (எல்லா ஃப்ரெட்டிலும் சுருதி சரியாக வருவது) பார்த்துக்கொடுக்க நல்ல மெக்கானிக் ஒருவருக்கும் ஒரு பங்கு எடுத்து வையுங்கள். கலிபோர்னியாவில் மணிக்கு 16 டாலருக்கு மேல் கொடுத்துச் செய்விக்கும் அதே கடைசிக் கட்டக் கைவேலையை, உங்கள் ஊரில் உங்கள் விரலுக்கு ஏற்றபடி செய்து வாங்கிக்கொள்ளலாம். வாங்கும் அன்றே பில்லில் எழுதுவதற்கு முன், இரண்டாவது, மூன்றாவது ஸ்ட்ரிங்கை நன்றாக இழுத்து பெண்ட் செய்து, சுருதி திரும்பி வருகிறதா என்று டியூனரில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். வரவில்லையென்றால் பெரும்பாலும் நட்டில் பிடிக்கிறது. அதையும் மெக்கானிக்கின் பட்டியலில் சேருங்கள்.